‘கேஷ்’ என்ற ஆங்கிலச் சொல் நம் ‘காசு’தானா? பொருள், புழக்கம், பிறப்பு

கரும்பலகை (பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்) கேட்டது:

வணக்கம். படிவம் 4, 5 பிள்ளைகளுக்கு ஆங்கில டியூஷன் எடுக்கிறேன். ‘கேஷ்’ என்ற ஒரே சொல்லை வைத்து ஒரு பாடம் தயாரித்துக்கொண்டிருக்கிறேன். மூன்று இடத்தில் தெளிவு வேண்டும்.

ஒன்று, பிறப்பு. ‘தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் போன சொற்கள்’ என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் படத்தில் கட்டுமரம், மிளகுதண்ணி, சுருட்டு ஆகியவற்றோடு காசும் இருக்கிறது. காசுதான் கேஷ் ஆனது என்கிறார்கள். வகுப்பில் துணிந்து சொல்லலாமா? ஒரு பிள்ளை அகராதியைத் திறந்து காட்டி ‘இல்லையே டீச்சர்’ என்றால் என்ன பதில் வைத்திருக்க வேண்டும்?

இரண்டு, இலக்கணம். ‘பே கேஷ்’, ‘பே இன் கேஷ்’, ‘பே பை கேஷ்’ மூன்றும் காதில் விழுகின்றன. எது சரி? ‘கேஷஸ்’ என்று பன்மை உண்டா?

மூன்று, புழக்கம். கடையில் சொல்லும் கேஷும் கணக்கு ஏட்டில் எழுதும் கேஷும் ஒன்றா? கேஷ் பில், கேஷ் செக், பெட்டி கேஷ் இவற்றையும் சேர்த்து விளக்குங்கள். பெட்டி கேஷில் வரும் ‘பெட்டி’ நம் பெட்டியா என்று பிள்ளைகள் கட்டாயம் கேட்பார்கள்.

---

செப்புக்காசு (ஜார்ஜ்டவுன், பினாங்கு):

டீச்சர், அந்தப் படம் பாதி உண்மை. ஆங்கிலத்தில் கேஷ் என்பது இரண்டு சொல். எழுத்தும் ஒன்று, உச்சரிப்பும் ஒன்று. ஆனால் வந்த வழி வேறு. நல்ல அகராதிகள் இரண்டையும் தனித்தனித் தலைச்சொல்லாகவே போட்டிருக்கும். ஆக்ஸ்ஃபோர்டு பேரகராதியிலும் அப்படித்தான், இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் மெரியம்-வெப்ஸ்டரிலும் அப்படித்தான். நாம் தினமும் சொல்லும் கேஷ், அதாவது கையிலிருக்கும் ரொக்கம், முதல் சொல். அதற்கும் காசுக்கும் உறவில்லை. இரண்டாவது சொல், தென்னிந்தியாவிலும் சீனாவிலும் புழங்கிய சிறு நாணயத்தின் பெயர். அதுதான் நம் காசு.

முதல் சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். லத்தீனில் ‘காப்சா’ என்றால் பெட்டி. ரோமர்கள் ஏட்டுச் சுருள்களைப் போட்டுத் தூக்கிப்போகும் உருளைப் பெட்டிக்கு அந்தப் பெயர். இத்தாலிய மொழியில் அது ‘காஸ்ஸா’ ஆயிற்று, வியாபாரி பணம் போட்டு வைக்கும் பெட்டியைக் குறித்தது. அங்கிருந்து பிரெஞ்சு வழியாக 16ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஆங்கிலத்துக்குள் நுழைந்தது. வந்த புதிதில் ஆங்கிலத்திலும் கேஷ் என்றால் பணப்பெட்டிதான். பெட்டியின் பெயர் உள்ளே இருந்த பணத்தின்மேல் ஏறிக்கொண்டது. 18ஆம் நூற்றாண்டுக்குள் பெட்டி என்ற பொருள் உதிர்ந்தே போனது. இன்றைக்குப் பெட்டியைச் சொல்ல ‘கேஷ் பாக்ஸ்’ என்று இன்னொரு சொல்லைக் கூட்ட வேண்டியிருக்கிறது. நம் கடைகளில் ‘இன்னிக்குக் கல்லா எவ்வளவு?’ என்று கேட்கிறோமே, அங்கேயும் பெட்டியின் பெயர்தான் பணத்துக்கு வந்திருக்கிறது.

மற்ற ஐரோப்பிய மொழிகள் பெட்டியை விடவில்லை. ஜெர்மன்காரருக்குக் ‘காஸ்ஸே’ என்றால் பணம் கட்டும் முகப்பு. ஸ்பானிய மொழியில் ‘காஹா’ இன்னமும் பெட்டிதான். பெட்டியைக் காப்பவர் கேஷியர். கேப்ஸ்யூல், மூக்குக்கண்ணாடி வைக்கும் கேஸ் எல்லாம் இதே காப்சா குடும்பம். நீதிமன்றக் கேஸ் மட்டும் இதில் சேராது. அது ‘விழுவது, நேர்வது’ என்ற பொருளுள்ள வேறொரு லத்தீன் சொல்லிலிருந்து வந்தது.

இனி இரண்டாவது கேஷ். போர்த்துகீசியர் மலபார்க் கரையில் இறங்கியது 1498. மலையாளத்தில் காசைச் சொல்லும்போது நடுவில் ‘ஷ’வை ஒட்டிய ஒலி வரும். போர்த்துகீசியர் அதைத் தங்கள் எழுத்தில் ‘காய்ஷா’ என்று எழுதினார்கள். அவர்கள் மொழியில் அதே காய்ஷாவுக்குப் பெட்டி என்ற பொருள் ஏற்கெனவே இருந்தது. அதுவும் லத்தீன் காப்சாவின் பிள்ளைதான். ஆக இரண்டு சொல்லும் முதலில் முட்டிக்கொண்ட இடம் போர்த்துகீசிய மொழி. குழப்பத்தின் வேர் அங்கே இருக்கிறது. பிறகு ஆங்கிலேயர் இந்த நாணயப் பெயரைக் கேஷ் என்று எழுத ஆரம்பித்ததும் முட்டல் முழுதாகிவிட்டது.

சென்னையில் கிழக்கிந்தியக் கம்பெனி ஆட்சிக் கணக்கு இது: 80 காசு 1 பணம், 42 பணம் 1 நட்சத்திர வராகன் (பொன் நாணயம்). ஒரு வராகனுக்கு 3,360 காசு. இந்தப் ‘பணம்’தான் ஆங்கிலப் பதிவுகளில் ‘ஃபனம்’ என்று இருக்கும். 1818இல் ரூபாய் வந்து இந்தக் கணக்கை ஓரங்கட்டியது. அதற்கு முன் கம்பெனி 1803லும் 1808லும் பர்மிங்ஹாமில் உள்ள சோஹோ நாணயச்சாலையில் செப்புக்காசுகளை அடித்து அனுப்பியது. 1808ஆம் ஆண்டு 10 காசைக் கையில் எடுத்துப் பாருங்கள். ஒரு பக்கம் கம்பெனியின் சின்னமும் ஆண்டும். மறுபக்கம் பாரசீக எழுத்து, அதன் கீழே ரோமன் எண் பத்தும் ‘கேஷ்’ என்ற ஆங்கில எழுத்தும். நம் காசு ஆங்கிலத்தில் கேஷ் என்று உலோகத்திலேயே பதிந்திருப்பதற்கு இதைவிட நேரான சாட்சி கிடையாது. அட்மிரல் கார்டனர் என்ற கப்பல் இந்தக் காசுகளை ஏற்றிக்கொண்டு இந்தியாவுக்குப் புறப்பட்டு, 1809 ஜனவரியில் இங்கிலாந்தின் குட்வின் மணல்திட்டில் மூழ்கியது. 1980களில் அந்தச் சரக்கை வெளியே எடுத்தார்கள். அதனால்தான் இந்த நாணயம் சேகரிப்பாளர்களிடம் தாராளமாகப் புழங்குகிறது. படத்தைக் காட்டுவதைவிடப் பிள்ளைகள் கையில் ஒரு காசைக் கொடுத்துவிடலாம்.

திருவிதாங்கூரில் 16 காசு ஒரு சக்கரம், 28 சக்கரம் ஒரு திருவிதாங்கூர் ரூபாய். அங்கே காசு 1949 வரை ஓடியது. நடுவில் சதுர ஓட்டை உள்ள சீனச் செப்புக்காசையும் ஆங்கிலேயர் கேஷ் என்றே எழுதினார்கள். ஆயிரம் காசைக் கயிற்றில் கோத்தால் ஒரு சரம். சீனர் தங்கள் காசை அப்படிச் சொன்னதில்லை. சீன மொழியில் அது ‘வென்’. தமிழ்ப் பெயர் போர்த்துகீசியர் வாயில் ஏறிச் சீனக் காசின்மேல் போய் ஒட்டிக்கொண்டது. காசு என்ற சொல் போன உண்மையான தூரம் அது. வாட்ஸ்அப் படத்தில் இதைப் போட்டிருந்தால் நானே பத்துப் பேருக்கு அனுப்பியிருப்பேன்.

---

ஈற்றுச்சீர் (செந்தூல், கோலாலம்பூர்):

ஐயாவின் விளக்கம் நன்று. ஆனால் ஒரு மறுப்பு வைக்கிறேன். காசு நேற்று வந்த சொல்லில்லை. குறுந்தொகை 67ஆம் பாட்டில் கிளி தன் வளைந்த அலகில் வேப்பம்பழத்தைப் பிடித்திருப்பது, பொன்நகைக்குப் புதுநூல் கோக்கிறவன் நகநுனியில் பிடித்த ஒரு காசுக்கு ஒப்பிடப்படுகிறது. வெண்பாவின் ஈற்றுச்சீர் வாய்பாடே நாள், மலர், காசு, பிறப்பு. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் காசுக்கு வட்டி கணக்கிட்டிருக்கிறது. ரோமர்கள் முசிறிக்கு வந்து மிளகு வாங்கிய காலமும் சங்க காலம்தான். அப்படியிருக்க, அந்தக் காப்சாவே ஏன் காசிலிருந்து போயிருக்கக் கூடாது?

---

செப்புக்காசு (ஜார்ஜ்டவுன், பினாங்கு):

கேள்வி நியாயமானது. காசின் பழமையில் எனக்கும் சந்தேகமில்லை. ஆனால் ஒரு சொல் பழையது என்பது வேறு, அது இன்னொரு மொழிக்குப் போனது என்பது வேறு. போனது என்று சொல்ல, போன வழியில் அடிச்சுவடு வேண்டும்.

பொருளைப் பாருங்கள். லத்தீன் காப்சாவுக்குப் பணம் என்ற பொருளே இல்லை. ஏட்டுச் சுருள் வைக்கும் பெட்டி, பழம் வைக்கும் பெட்டி, அவ்வளவுதான். ‘பிடி, கொள்’ என்ற லத்தீன் வினையிலிருந்து அது கிளைத்தது. பணம் என்ற பொருள் கடைசிப் படியில், ஆங்கிலத்தில்தான் வருகிறது. நாணயத்தைக் குறிக்கும் தமிழ்ச்சொல் ரோமுக்குப் போய், நாணயப் பொருளை இழந்து, ஏட்டுப் பெட்டியாகி, 1,500 ஆண்டு கழித்து இங்கிலாந்தில் மறுபடி பணமாக வேண்டும். இடையில் ஒரு படிக்கும் எழுத்துச் சான்று கிடையாது.

வழக்கை முடித்துவைப்பது ஆண்டுக் கணக்கு. இத்தாலியக் கணித அறிஞர் லூக்கா பச்சோலி இரட்டைப் பதிவுக் கணக்கை விளக்கி வெனிஸில் நூல் அச்சிட்டது 1494. ரொக்கக் கணக்குக்கு அவர் எழுதும் பெயர் காஸ்ஸா. வாஸ்கோ ட காமா கள்ளிக்கோட்டைக்கு வந்ததோ 1498. போர்த்துகீசியர் காசு என்ற சொல்லைக் கேட்பதற்கு முன்பே இத்தாலிய வியாபாரியின் பேரேட்டில் காஸ்ஸா இருந்தது. இந்த இரண்டு ஆண்டையும் பலகையில் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் போட்டால் படிவம் 4 பிள்ளைக்கே விளங்கிவிடும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மெரியம்-வெப்ஸ்டரில் இரண்டாவது கேஷுக்குக் கீழே, காசுக்கும் பின்னால் ‘கர்ஷ’ என்ற சமஸ்கிருத எடைப் பெயரைக் காட்டியிருக்கும். அது காசின் மூலம் பற்றிய தனி விவாதம். ஆங்கிலத்துக்குக் கொடுத்தது தமிழ்க் காசு என்பதில் அதனால் மாற்றமில்லை.

நம் மலேசியப் பக்கத்திலும் பழைய காசுகள் உண்டு. போர்த்துகீசியத் தளபதி அல்புகெர்க் 1511இல் மலாக்காவைப் பிடித்ததும் வெள்ளீயத்தில் காசு அடிக்க வைத்தார். வெள்ளீயம் இந்த மண்ணில் விளைவது, அதனால் காசும் அதில். கிளந்தான், திரெங்கானுவில் ‘பித்திஸ்’ என்ற வெள்ளீயக் காசு இருந்தது. அதை வார்க்கும் அச்சு ஒரு மரம் மாதிரி இருக்கும். நடுவில் தண்டு, இரண்டு பக்கமும் கிளை, ஒவ்வொரு கிளை நுனியிலும் ஒரு காசு. வேண்டும்போது கிள்ளி எடுத்துக்கொள்வார்கள். கோலாலம்பூரில் சாசானா கிஜாங்கில் உள்ள பேங்க் நெகாரா அருங்காட்சியகத்தில் நாணயப் பிரிவு இருக்கிறது. பிள்ளைகளைக் கூட்டிப்போனால் பழைய காசு வகைகளை நேரிலேயே காட்டலாம்.

மலாய் மொழியில் உறுதியாக நம்முடையது வேண்டுமா? கடை ‘கெடாய்’ ஆனது, முதல் ‘மோடால்’ ஆனது, பெட்டி ‘பெத்தி’ ஆனது. இவற்றை நெஞ்சு நிமிர்த்திச் சொல்லலாம்.

---

பேரேடு (லெபோ அம்பாங், கோலாலம்பூர்):

மூன்றாவது கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன். கடைக் கேஷும் கணக்குக் கேஷும் ஒன்றில்லை.

கடை முகப்பில் ‘கேஷா, கியூஆரா?’ என்று கேட்டால் கேஷ் என்பது நோட்டும் சில்லறையும் மட்டும். கார்டு, இ-வாலெட், டுயிட்நவ் என்ற உடனடிப் பணப்பரிமாற்றச் சேவை எதுவும் அதில் சேராது. (டுயிட்நவில் உள்ள டுயிட் டச்சு நாணயத்தின் பெயர்.) ஆனால் கம்பெனிக் கணக்கறிக்கையில் கேஷ் என்றால் கையிருப்பும் வங்கியில் கேட்டவுடன் எடுக்கக்கூடிய பணமும் சேர்ந்தது. மலேசியக் கணக்கியல் தரம் எம்எஃப்ஆர்எஸ் 107 இதோடு ‘கேஷுக்கு இணையானவை’ என்று ஒரு வகையைச் சேர்க்கிறது. உடனே பணமாக்கக்கூடியதாக, மதிப்பு பெரிதாக ஏறி இறங்காததாக, வாங்கிய நாளிலிருந்து பொதுவாக மூன்று மாதத்துக்குள் முதிர்வதாக இருக்க வேண்டும். 12 மாத வைப்புத்தொகை அதில் வராது. கணக்குப் பாடம் எடுக்கும் பிள்ளைகள் ‘வங்கியில் உள்ளது எப்படி கேஷ் ஆகும்?’ என்று தடுமாறுவது இங்கேதான்.

‘கேஷ் சேல்’ என்றால் கடனில்லாமல் அங்கேயே தீர்த்த விற்பனை. எதிர்ச்சொல் ‘கிரெடிட் சேல்’. அதனால்தான் நம் கடைகளில் இரண்டு புத்தகம் இருக்கும். உடனே பணம் வாங்கினால் ‘பில் துனாய்’ என்று மலாயில் அச்சிட்ட கேஷ் பில். கடனுக்குக் கொடுத்தால் இன்வாய்ஸ். கேஷ் பில் ஒரே தாளில் பில்லும் ரசீதும் ஆகிறது. இன்வாய்ஸ் ரசீது ஆகாது, பணம் வந்தபின் ரசீது தனியாக எழுத வேண்டும். பணம் வராமலே ‘அப்புறம் கொடுத்துடுவார்’ என்று கேஷ் பில் கிழித்துக் கொடுத்துவிட்டால், பணம் வாங்கிக்கொண்டதாக நீங்களே கையெழுத்துப் போட்ட தாள் அவர் கையில் இருக்கும். பிறகு பாக்கி கேட்க உங்களிடம் ஆதாரம் இல்லை.

கேஷ் செக்: பெறுநர் பெயர் எழுதும் இடத்தில் ‘கேஷ்’ என்றே எழுதிய, குறுக்குக் கோடு போடாத காசோலை. யார் கையில் இருக்கிறதோ அவர் வங்கி முகப்பில் மாற்றிக்கொள்ளலாம். தொலைந்தால் ரொக்கம் தொலைந்ததற்குச் சமம். ஆளுக்குக் கொடுக்கும் காசோலையில் ‘அத்தாவ் பெம்பாவா’ (‘அல்லது கொண்டுவருபவருக்கு’) என்ற சொற்களை அடித்துவிட்டு, இடது மேல்மூலையில் இரண்டு சாய்கோடு போட்டு ‘அக்கவுண்ட் பேயி ஒன்லி’ என்று எழுதுங்கள். அது அவர் வங்கிக் கணக்கில் மட்டுமே சேரும்.

இப்போது பெட்டி கேஷ். அந்தப் பெட்டி நம் பெட்டி இல்லை. ‘சிறிய’ என்ற பொருள் தரும் பிரெஞ்சு ‘பெத்தி’யிலிருந்து வந்தது, சில்லறைச் செலவுப் பணம் என்று அர்த்தம். அந்தப் பணத்தை உண்மையிலேயே ஒரு பெட்டியில் வைப்பதால் நமக்கு ஒலியும் பொருளும் பொருந்தி, ஏமாந்துபோகிறோம். பள்ளிக் கணக்குப் பாடத்தில் மலாயில் ‘புக்கு துனாய் ருஞ்சிட்’ என்று இருப்பது இதன் ஏடுதான். அரசு அலுவலகங்களில் ‘பஞ்சார் வாங் ருஞ்சிட்’ என்பார்கள்.

நடத்தும் முறை எளிது. ஒரு தொகையை நிலையாக வைக்கிறோம், 300 வெள்ளி (ரிங்கிட்) என்று வைத்துக்கொள்ளுங்கள். செலவு செய்யும் ஒவ்வொரு தடவையும் ஒரு வவுச்சர். தேதி, எதற்கு, எவ்வளவு, வாங்கியவர் கையெழுத்து நான்கும் இருக்க வேண்டும், ரசீதைப் பின்னால் ஒட்ட வேண்டும். எந்த நேரத்தில் எண்ணினாலும் பெட்டியில் உள்ள பணமும் வவுச்சர்களின் கூட்டுத்தொகையும் சேர்ந்து 300 வர வேண்டும். வவுச்சர் 187 வெள்ளி 40 காசு என்றால் பெட்டியில் 112 வெள்ளி 60 காசு இருந்தாக வேண்டும். மறுபடி நிரப்பும்போது 187.40தான் போட வேண்டும். ‘ரவுண்டா 200 போடு’ என்றால் 12.60 மிகுதியாகி அடுத்த மாதம் கணக்கு உதைக்கும். அன்றைய விற்பனைப் பணத்திலிருந்து எடுத்து நிரப்புவதும் கூடாது. விற்பனைக் கணக்கும் சேர்ந்து கெடும்.

சில காசு மட்டும் இடிக்கிறதென்றால் முதலில் பார்க்க வேண்டியது ரவுண்டிங். 2008 ஏப்ரல் 1 முதல் முகப்பில் ரொக்கமாகக் கட்டும் மொத்தத் தொகையை 5 காசுக்குச் சரிக்கட்டுகிறோம். கடைசி இலக்கம் 1, 2 என்றால் கீழே 0க்கு. 3, 4 என்றால் மேலே 5க்கு. 6, 7 என்றால் கீழே 5க்கு. 8, 9 என்றால் மேலே 10க்கு. 23.48 பில்லுக்குக் கையிலிருந்து போனது 23.50. வவுச்சரில் 23.48 என்று எழுதினால் 2 காசு காணாமல் போகும். அதே மாதிரி பத்து பில் சேர்ந்தால் 20 காசு. வவுச்சரில் எழுத வேண்டியது கையிலிருந்து போன தொகை. ரசீதின் அடியில் ரவுண்டிங் வரி தனியாக அச்சாகியிருக்கும், அதற்குக் கீழே உள்ள எண்ணைப் பாருங்கள். வெப்பத்தாள் ரசீது சில மாதத்தில் வெளுத்துவிடும், அன்றே ஒரு நகல் எடுத்து வைத்துவிடுங்கள்.

---

அரைப்புள்ளி (ஆயர் ஈத்தாம், பினாங்கு):

இலக்கணம் என் பக்கம்.

ரொக்கம் என்ற பொருளில் கேஷ் எண்ணமுடியாப் பெயர். ‘எ கேஷ்’, ‘மெனி கேஷ்’, ‘டென் கேஷஸ்’ எதுவும் வராது. ‘சம் கேஷ்’, ‘எ லாட் ஆஃப் கேஷ்’, ‘எ லார்ஜ் அமவுண்ட் ஆஃப் கேஷ்’ என்று எழுதணும். எண்ணித்தான் ஆகணும் என்றால் நோட்டையோ நாணயத்தையோ எண்ணணும், கேஷை இல்லை. ‘எ கேஷ் பிரைஸ்’, ‘எ கேஷ் டெபாசிட்’ என்பதில் முன்னால் ‘எ’ வருதே என்று பிள்ளைகள் மடக்குவார்கள். அந்த ‘எ’ பின்னால் வரும் பெயருக்கு உரியது, கேஷுக்கு இல்லை. ‘கேஷஸ்’ என்று வாக்கியத்தில் கண்டால் அது வினை: ‘ஹி கேஷஸ் ஹிஸ் செக் எவ்ரி ஃபிரைடே’.

ஆனால் செப்புக்காசு ஐயா சொன்ன நாணயக் கேஷ் எண்ணக்கூடிய பெயர், பன்மையிலும் உருவம் மாறாது. ‘எய்ட்டி கேஷ் மேக் ஒன் ஃபனம்’. கேஷுக்கு முன்னால் எண் நேராக ஒட்டினால் அது பழைய நாணயம், ஒட்டாவிட்டால் ரொக்கம். இரண்டும் இரண்டு சொல் என்பதற்கு இலக்கணமும் சாட்சி சொல்லுது பாருங்க.

‘பே கேஷ்’ சரி, முன்னிடைச்சொல் (பிரெபொசிஷன்) இல்லாமலே நிற்கும். ‘பே இன் கேஷ்’ சரி. ‘பே பை கேஷ்’ இங்கே பேச்சில் நிறைய வருது, கார்டுக்கும் காசோலைக்கும் ‘பை’ வருவதால் அதையே இதற்கும் இழுத்துவிடுகிறோம். தேர்வுத்தாளில் ‘இன் கேஷ்’ என்று எழுதச் சொல்லுங்கள், ‘பை கார்ட்’, ‘பை செக்’ அப்படியே இருக்கட்டும்.

‘ஐ ஹேவ் நோ கேஷ்’ என்றால் இப்போது பையில் ரொக்கம் இல்லை, கார்டில் கட்டலாம். ‘ஐ ஹேவ் நோ மணி’ என்றால் பணமே இல்லை. ‘சேஞ்ச்’ என்பது சில்லறையும் மீதிப்பணமும். தமிழில் நாம் மூன்றுக்கும் ‘காசு இல்லை’ என்று ஒரே வாக்கியத்தில் முடித்துவிடுவதால் பிள்ளைகள் இந்த மூன்றையும் கலக்கிவிடுகிறார்கள். போதாததற்கு இங்கே நமக்குக் காசு என்றால் சென்னும்தான், ‘பத்து வெள்ளி ஐம்பது காசு’ என்கிறோம். மொழிபெயர்ப்புப் பயிற்சியில் இந்த ஒரு சொல்லுக்கே நான்கு விடை வரும் என்று முதலிலேயே சொல்லி வைத்துவிடுங்கள்.

எழுத்துப் பிழை எங்கே விழும்? நம் வாயில் ‘ஷ்’ எளிதில் ‘ஸ்’ ஆகிவிடும். கேஷ், கேஸ் ஆனால் வழக்கும் கேஸ், உறையும் கேஸ், அடுப்புக்குப் போடும் கேஸும் கேஸ். சொல்வதெழுதலில் கேட்டதை எழுதும் பிள்ளை சி-ஏ-எஸ்-இ என்று எழுதிவிடும். முதலில் உச்சரிப்பைத் திருத்தணும், எழுத்து தானாகச் சரியாகும். இன்னொரு பொறி, கணினிப் பாடத்தில் வரும் சி-ஏ-சி-ஹெச்-இ. உச்சரிப்பு அச்சாகக் கேஷ்தான், ஆனால் ‘மறைத்து வை’ என்ற பிரெஞ்சு வினையிலிருந்து வந்தது. உலாவியில் நீங்கள் துடைப்பது பணமில்லை.

கேஷியருக்கும் இரட்டை உண்டு. பெயராக வந்தால் பணம் வாங்குபவர். வினையாக ‘தி ஆஃபிசர் வாஸ் கேஷியர்ட்’ என்று வந்தால் அதிகாரியை அவமானமாகப் பதவி நீக்கினார்கள் என்று பொருள். டச்சு வழியாக வந்த வேறு சொல் அது, ‘செல்லாதாக்கு’ என்ற லத்தீன் வினை மூலம். கருத்துணர்தல் பகுதியில் இதைக் ‘கேஷியராக வேலை கிடைத்தது’ என்று எழுதினால் பத்தி முழுவதும் தலைகீழாகிவிடும். முந்திரிக்கான கேஷ்யூ பிரேசிலின் துபி மொழிச்சொல், போர்த்துகீசியர் கொண்டுவந்தது. மலாயில் ‘காஜுஸ்’ என்பதும் அதே மரபு.

---

கரும்பலகை (பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்):

எல்லாருக்கும் நன்றி. 1494, 1498 இரண்டையும் குறித்துக்கொண்டேன். கடைசியாக ஒன்று: இதே மாதிரி வேறு சொற்களைப் பிள்ளைகள் தாங்களாகவே சோதிக்க ஒரு முறை சொல்ல முடியுமா? பயிற்சிக்கு வாக்கியங்களும் கிடைத்தால் நல்லது.

---

செப்புக்காசு (ஜார்ஜ்டவுன், பினாங்கு):

முறை இது டீச்சர். அகராதியில் சொல்லைத் தேடி, ஒரே எழுத்தில் எத்தனை தலைச்சொல் இருக்கிறது என்று முதலில் எண்ணச் சொல்லுங்கள். பெரும்பாலான தவறு இந்த இடத்திலேயே பிடிபடும். பிறகு சொற்பிறப்புக் குறிப்பைக் கடைசியிலிருந்து முன்னோக்கி வாசிக்கணும். கடைசியில் இருப்பதுதான் மூலமொழி, அங்கிருந்து ஒவ்வொரு மொழியாக ஏறி ஆங்கிலத்துக்கு வரும். நடுவில் போர்த்துகீசியமோ டச்சோ மலாயோ இருந்தால் அது கப்பலேறி வந்த சொல் என்று நினைக்க இடமுண்டு. அடுத்து, ஆங்கிலத்தில் முதலில் எழுதப்பட்ட ஆண்டைப் பார்க்கணும். அந்த ஆண்டுக்கு முன் அந்த மொழிக்காரர்கள் சந்தித்தார்களா? கடைசியாக, மிகப் பழைய பொருள் என்ன என்று பார்க்கணும். பெட்டியில் தொடங்கிப் பணத்தில் முடிந்தால் ஒரு கதை, நாணயத்திலேயே தொடங்கினால் வேறு கதை. ஒலி ஒப்புமையை இத்தனைக்கும் பிறகுதான் கணக்கில் எடுக்க வேண்டும். கட்டுமரம், சுருட்டு, மிளகுதண்ணி மூன்றும் இந்தச் சோதனையில் தேறிவிடும், அவற்றை வைத்துத் தொடங்குங்கள்.

---

அரைப்புள்ளி (ஆயர் ஈத்தாம், பினாங்கு):

பயிற்சிக்கு ஐந்து. எது ரொக்கம், எது நாணயம், எது வேறு சொல் என்று பிரிக்கச் சொல்லுங்கள், காரணமும் கேளுங்கள்.

‘ஷி பெய்ட் தி டெபாசிட் இன் கேஷ்’: ரொக்கம், எண்ண முடியாது.

‘எ ஸ்ட்ரிங் ஆஃப் எ தவுசண்ட் கேஷ்’: சீன நாணயம், எண் நேராக ஒட்டியிருக்கிறது.

‘கிளியர் தி கேஷ் அண்ட் ரீலோட் தி பேஜ்’: சி-ஏ-சி-ஹெச்-இ என்று எழுதணும். சொல்வதெழுதலாக வாசித்தால்தான் இதற்குப் பலன்.

‘ரப்பர் இஸ் எ கேஷ் கிராப்’: ரொக்கம்தான், ஆனால் பெயரடை இடத்தில் நிற்கிறது. வீட்டுச் சாப்பாட்டுக்கு இல்லாமல் விற்பதற்காகப் போடும் பயிர். பேராக் பக்கத்துப் பிள்ளை இருந்தால் செம்பனையையும் சேர்த்துச் சொல்லும்.

‘தி கேப்டன் வாஸ் கேஷியர்ட் ஆஃப்டர் தி இன்குவைரி’: பதவி நீக்கம். பாதி வகுப்பு இதில்தான் விழும், அதனால் கடைசியாகக் கொடுங்கள்.